850-உம் 900-உம் ஒரே மாடியில்: அப்லிங்க் இரைச்சலுக்கு ஃபில்டர் போட வேண்டியது யார்?

மாடிப்படி:

வணக்கம். டவர் பராமரிப்பில் சப்-கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறேன். ஒரு சந்தேகம், கொஞ்சம் புலம்பலும்.

ஊருக்கு நடுவில் ஒரு மொட்டைமாடி சைட். எங்கள் பக்கம் 900 மெகாஹெர்ட்ஸ் பேண்டில் ஜிஎஸ்எம் (2ஜி) ஓடுகிறது. போன மாதம் அதே மாடியில் இன்னொரு நிறுவனம் 850 பேண்டில் எல்டிஇ (4ஜி) ஏற்றியது. அன்றிலிருந்து எங்கள் பி செக்டரில் (டவர் பார்க்கிற மூன்று திசைகளில் ஒன்று) மட்டும் ஓயாத புகார். போனில் சிக்னல் கட்டம் முழுதாக இருக்கிறது, கால் போகவில்லை. போனாலும் எதிர்முனைக்கு நம் குரல் விட்டுவிட்டுத்தான் கேட்கிறது. காலியான ஸ்லாட்களில் (யாரும் பேசாத நேரத் துண்டுகளில்) எடுத்த இடையூறு அளவு (1 குறைவு, 5 அதிகம்) முன்பு பேண்ட் 1-இல் இருந்தது, இப்போது 4, 5 என்று நிற்கிறது. வேறு எதுவும் மாறவில்லை. ஆன்டெனாவின் திசை (அசிமுத்), சாய்வு (டில்ட்), பீடர் கேபிள் எல்லாம் பழையதுதான்.

அந்தப் பக்கத்து ஆட்களிடம் கேட்டால் "எங்கள் உரிமத்தில் உள்ள அலைவரிசை, அனுமதித்த பவர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எங்கள் மேலாளர் "ஃபில்டர் அவர்கள்தான் போட வேண்டும், கடிதம் எழுது" என்கிறார். எழுதுவதற்கு முன் கேட்கிறேன், இதில் நியாயம் யார் பக்கம்?

டெசிபல்தாத்தா:

தம்பி, கடிதத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். இது உங்கள் மாடியில் பிறந்த சண்டை இல்லை. சிடிஎம்ஏ (ஜிஎஸ்எம்முக்குப் போட்டியான இன்னொரு செல்போன் முறை) பெரிய அளவில் வந்த 2002, 2003 காலத்திலிருந்தே நடக்கிற சண்டை.

ஜிஎஸ்எம் 900 ஐரோப்பாக்காரர்கள் போட்ட திட்டம். போன் பேசுவது (அப்லிங்க்) 890–915 மெகாஹெர்ட்ஸ், டவர் பேசுவது (டவுன்லிங்க்) 935–960. செல்லுலார் 850 அமெரிக்கத் திட்டம். அதில் போன் 824–849, டவர் 869–894. அமெரிக்காவில் ஜிஎஸ்எம் 900 கிடையாது, ஐரோப்பாவில் 850 கிடையாது. அதனால் இவை இரண்டும் அடுத்தடுத்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று வரைந்தவர்கள் யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. இந்தியாவில் நாம் 1995-இல் 900-ஐ எடுத்துக்கொண்டோம், பிறகு சிடிஎம்ஏவுக்கு 850-ஐயும் எடுத்துக்கொண்டோம். இரண்டும் மோதுகிற மேல்முனையை வெட்டி 824–844, 869–889 என்று கொடுத்தார்கள்.

விளைவைப் பாருங்கள். 889-இல் ஒருவருடைய டவர் கத்தி முடிக்கிறது. 890-இல் இன்னொருவருடைய டவர் காது கொடுத்துக் கேட்கத் தொடங்குகிறது. நடுவில் வெறும் 1 மெகாஹெர்ட்ஸ். சாதாரணமாக இரண்டு நெட்வொர்க் பக்கத்தில் இருந்தால் டவுன்லிங்க் பக்கத்தில் டவுன்லிங்க், அப்லிங்க் பக்கத்தில் அப்லிங்க் என்று இருக்கும், சமாளித்துவிடலாம். இங்கே டவரின் வாய்க்கு நேராக இன்னொரு டவரின் காது. போன் என்றால் நகர்ந்து போய்விடும். டவர் எங்கே போகும்?

கணக்கும் சொல்லிவிடுகிறேன். 20 வாட் என்றால் 43 டிபிஎம் (டிபிஎம் பவரின் அளவு; 10 டிபி ஏறினால் பத்து மடங்கு). ஜிஎஸ்எம் டவர் மைனஸ் 104 டிபிஎம் வரைக்கும் கேட்டாக வேண்டும். வித்தியாசம் 147 டிபி, மடங்கில் சொன்னால் ஏறக்குறைய 500 லட்சம் கோடி. கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்கு ஒட்டி உட்கார்ந்துகொண்டு பந்தியில் யாரோ முணுமுணுப்பதைக் கேட்கச் சொல்வது மாதிரி.

சிடிஎம்ஏ போய்விட்டது, ஆனால் அதே இடத்தில் இப்போது எல்டிஇ உட்கார்ந்திருக்கிறது. கேரியர் (சிக்னலைச் சுமக்கும் அலை) மாறியது, எல்லைக்கோடு மாறவில்லை.

கேள்விக்குறி:

நான் இசிஇ மூன்றாம் ஆண்டு. ஒன்று புரியவில்லை. இடையூறு இருக்கிறது என்றால் போனில் கட்டம் குறைய வேண்டாமா? முழுதாக இருக்கிறது என்கிறாரே?

ஆர்எஃப்அக்கா:

நல்ல கேள்விம்மா. போனில் தெரிகிற கட்டம் டவரிடமிருந்து வருகிற சிக்னலை மட்டும் காட்டுகிறது. அது 935-க்கு மேலே இருக்கிறது, அங்கே யாரும் தொல்லை செய்யவில்லை. கெட்டுப்போனது டவரின் காது. போன் சொல்வது அங்கே கேட்கவில்லை. உடனே டவர் "சத்தமாகப் பேசு, இன்னும் சத்தமாக" என்று போனுக்கு உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும். 900-இல் சாதாரண போனின் உச்சம் 2 வாட். அதையும் தொட்டுவிட்டால் அப்புறம் போன் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. அந்தத் தெருவில் இருப்பவர்கள் போன் சுடுகிறது, பேட்டரி நிற்கவில்லை என்று சேர்த்தே புகார் செய்வார்கள், பாருங்கள்.

டவரின் காதில் இரைச்சல் 10 டிபி ஏறினால், நகரத்தில் அந்த செக்டர் எட்டுகிற தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். தூரம் பாதி என்றால் பரப்பு கால் பங்கு. ஓரத்தில் இருப்பவர்கள்தான் முதலில் அடிபடுவார்கள்.

புளியங்கொம்பு:

நான் 850 பக்கம் வேலை பார்த்தவன், எனவே ஒரு பக்கச் சாய்வு இருக்கும், சொல்லிவிட்டேன்.

எல்லோரும் கத்துகிறவனையே திட்டுகிறீர்கள். கேட்கிறவன் காதை எவ்வளவு அகலமாகத் திறந்து வைத்திருக்கிறான் என்று யாராவது பார்த்தீர்களா? இ-ஜிஎஸ்எம் என்று ஒன்று உண்டு. அதில் அப்லிங்க் 890-இல் அல்ல, 880-இலேயே தொடங்குகிறது. உலகம் முழுக்க விற்கிற பெட்டி என்பதால் பல பெட்டிகளின் முன்பகுதி 880–915 முழுவதையும் உள்ளே விடும். இந்தியாவில் 880–889-இல் 850 டவர் 20 வாட், 40 வாட் என்று ஓடுகிறது. அதாவது எங்களுக்கென்று கொடுத்த இடத்தில் நாங்கள் பேசுவதை நீங்கள் வாசல் திறந்து உள்ளே அழைத்துவிட்டு, சத்தம் என்கிறீர்கள்.

மாடிப்படி, உங்கள் ரேடியோ பெட்டியின் லேபிளைப் பாருங்கள். 880–915 என்று இருந்தால் கடிதம் எழுத வேண்டாம்.

மாடிப்படி:

பார்த்தேன். 880–915 என்றுதான் போட்டிருக்கிறது.

ஆனால் ஸ்பெக்ட்ரம் அனலைசரை (எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் கருவி) எங்கள் ஆன்டெனா ஜம்பர் கேபிளில் போட்டுப் பார்த்தபோது 890-லிருந்து 900 வரை இரைச்சலின் தரை மட்டமே மேடாகத் தூக்கியிருக்கிறது. அது எங்கள் பேண்டுக்குள்ளேயே வருகிற இரைச்சல் அல்லவா? அப்போது அவர்களுடைய டிரான்ஸ்மிட்டர் கசிகிறது என்றுதானே அர்த்தம்?

டெசிபல்தாத்தா:

இல்லை. அனலைசரும் ஒரு ரிசீவர்தான். பக்கத்து அலைவரிசையில் மைனஸ் 17 டிபிஎம் மாதிரி பலமான சிக்னல் வந்து விழுந்தால் அதுவும் திணறி, இல்லாத மேட்டை வரைந்து காட்டும். அந்தப் படத்தைக் கடிதத்தில் இணைத்து அனுப்பினால் எதிர்ப்பக்கத்தில் விவரம் தெரிந்தவர் ஒருவர் இருந்தாலே போதும், கிழித்துவிடுவார்.

செய்ய வேண்டியது இது. அனலைசருக்கு முன்னால் 890–915 மட்டும் விடுகிற கேவிட்டி ஃபில்டர் ஒன்றைப் போடுங்கள். போட்ட பிறகும் மேடு இருந்தால் அது நிஜமாகவே காற்றில் வருகிறது. மறைந்தால் அனலைசரின் கற்பனை.

அடுத்து, உங்கள் ரிசீவரிலேயே சோதிக்கலாம். ரிசீவ் மட்டும் வருகிற இரண்டாவது பாதையான டைவர்சிட்டி பாதையில், சிக்னலை 3 டிபி குறைக்கிற அட்டென்யுவேட்டர் போடுங்கள் (டிரான்ஸ்மிட் போகிற பாதையில் போட்டுவிடாதீர்கள், அது கருகி உங்கள் மேலாளர் எனக்குக் கடிதம் எழுதுவார்). இடையூறு 3 டிபி குறைந்தால் வெளியிலிருந்து வருகிற சிக்னல். 9 டிபி குறைந்தால் அது உங்கள் ரிசீவருக்குள்ளேயே பிறக்கிற மூன்றாம் வரிசை இன்டர்மாட் (சிக்னல்கள் ஒன்றோடொன்று கலந்து பிறக்கிற புதுச் சிக்னல்). உள்ளே வருகிற ஒவ்வொன்றும் 3 டிபி குறைந்தால் அவற்றின் மூன்றாம் வரிசைக் குழந்தை 9 டிபி குறையும், கணக்கு அப்படி. யார் செலவு செய்ய வேண்டும் என்பதை நேர்மையாகச் சொல்கிற சோதனை இதுதான், பத்து நிமிட வேலை.

நெல்லைக்காற்று:

இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். தனுஷ்கோடி போனால் என் போன் தானாக இலங்கை நெட்வொர்க்குக்குப் போய் ரோமிங் மெசேஜ் வருகிறது. இதுவும் இந்த இடையூறுதானா?

மன்னார்க்கரை:

தம்பி, அங்காலை இருந்தும் இதே கதைதான். தலைமன்னாரில் நிற்கும்போது எங்கட போனில் இந்திய நெட்வொர்க் தலைகாட்டும். நடுவில் கடல், மறைக்க ஒரு கட்டடமும் இல்லை. இது இடையூறு இல்லை, சிக்னல் நன்றாகவே வந்து சேருகிறது, அதுதான் சிக்கல். போனில் நெட்வொர்க் தெரிவை மனுவலில் வைத்துவிடுங்கோ, ரோமிங்கையும் நிறுத்திவிடுங்கோ.

இடையூறு என்பது இரண்டு கரையிலும் ஒரே சனலைப் பாவித்தால் வருவது. ஜிஎஸ்எம்மில் போன் டவரிலிருந்து 35 கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் நேரக் கணக்கு ஒத்துவராது, கால் எடுக்க ஏலாது. ஆனால் இரைச்சலுக்கு அந்த எல்லை தெரியாது. கடலுக்கு மேலே சூடான காற்று படிகிற நாட்களில் சிக்னல் வளைந்து வளைந்து நெடுந்தூரம் போகும்.

ஆர்எஃப்அக்கா:

நன்றி அண்ணை. கரையோர விஷயத்துக்குத் தனி இழையே தொடங்கலாம்.

இங்கே திரும்புகிறேன். புளியங்கொம்பு சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், மறுபாதியை விடுவதாக இல்லை. காது அகலம் என்றால் கேட்கிறவன் தவறு, சரி. ஆனால் 850 டிரான்ஸ்மிட்டர் தன் பேண்டுக்கு வெளியே சிந்துகிற குப்பையை நான் என் பக்கத்தில் எந்த ஃபில்டராலும் எடுக்க முடியாது. அது என் சேனலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அதை எடுத்தால் என் வாடிக்கையாளரின் குரலும் சேர்ந்து போய்விடும்.

"விதிப்படிதான் ஓட்டுகிறோம்" என்பதன் லட்சணத்தையும் பார்ப்போம். அமெரிக்க விதியில் பேண்டுக்கு வெளியே சிந்தலாம் என்று விடுகிற அளவு மைனஸ் 13 டிபிஎம். ஒரே இடத்தில் ஜிஎஸ்எம் 900-உம் இருக்கிறது என்றால் 3ஜிபிபி (செல்போன் தரங்களை வகுக்கும் அமைப்பு) கேட்கிற அளவு, 100 கிலோஹெர்ட்ஸுக்கு மைனஸ் 98 டிபிஎம். 85 டிபி இடைவெளி! முதல் விதியை மட்டும் பார்த்துத் தயாரித்த பெட்டியை இங்கே கொண்டுவந்து வைத்தால், காகிதத்தில் ஒரு குறையும் இருக்காது, பக்கத்து டவர் செவிடாகிவிடும். ஆன்டெனாக்களுக்கு நடுவே 60 டிபி பிரிப்பு இருந்தாலும், 200 கிலோஹெர்ட்ஸ் அகல ஜிஎஸ்எம் சேனலில் மைனஸ் 70 டிபிஎம் வந்து விழும். அந்த ரிசீவரின் சொந்த இரைச்சலே மைனஸ் 116 பக்கத்தில்தான் இருக்கிறது.

சிந்துகிறவன் சிந்தாமல் இருக்க ஃபில்டர் போட வேண்டும். அகலமாகத் திறந்தவன் தன் காதுக்கு ஃபில்டர் போட வேண்டும். இரண்டும் தனித்தனி ஃபில்டர், ஒன்று இன்னொன்றுக்கு மாற்று இல்லை. இத்தனை வருடச் சண்டையில் பாதி, இந்த இரண்டையும் ஒரே பிரச்சினை என்று நினைத்ததால் வந்தது.

புளியங்கொம்பு:

சரி, அதை ஏற்கிறேன். ஒரு திருத்தம் மட்டும். இப்போது வருகிற எல்டிஇ ரேடியோக்களில் பெரும்பாலானவை அந்த மைனஸ் 98-க்கு ஒத்துவருகிறவைதான். பழைய சிடிஎம்ஏ பெட்டிகளின் பாவத்தை இவற்றின் தலையில் கட்ட வேண்டாம். அதனால்தான் முதலில் அட்டென்யுவேட்டர் சோதனை செய்யச் சொன்ன தாத்தாவுக்கு என் ஓட்டு.

ஆன்டெனா எப்படி வைத்திருக்கிறீர்கள், பக்கவாட்டிலா மேலும் கீழுமாகவா?

மாடிப்படி:

பக்கவாட்டில். மூன்று மீட்டர் இருக்கும். இரண்டு கம்பமும் கைப்பிடிச் சுவரை ஒட்டி.

புளியங்கொம்பு:

அங்கேதான் முதல் ஓட்டை. 900-இல் அலைநீளம் 33 சென்டிமீட்டர். மூன்று மீட்டர் பக்கவாட்டில் வைத்தால் பிரிப்பு 41 டிபி சுற்றி, அதிலிருந்தும் அந்தத் திசையில் உள்ள ஆன்டெனா கெயின் (பெருக்கம்) கழியும். அதே மூன்று மீட்டரை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் 66 டிபி. அதே இரும்பு, அதே கேபிள், 25 டிபி இலவசம். மொட்டைமாடியில் உயரக் கம்பம் நடக் கட்டட உரிமையாளர் விட மாட்டார் என்பது எனக்கும் தெரியும். ஒரு மீட்டர் உயர்த்தினாலும் பலன் உண்டு.

ஊர்க்குருவி:

இவ்வளவு சிக்கல் எதற்கு? ஆன்லைனில் சிக்னல் பூஸ்டர் விற்கிறதே, அந்தத் தெருவில் நாலு வீட்டில் மாட்டினால் முடிந்தது.

டெசிபல்தாத்தா:

ஐயா, அதைச் செய்தால் மீதி இரண்டு செக்டரும் படுத்துவிடும். அந்த மலிவுப் பெட்டிகள் அப்லிங்கில் வருகிற எல்லாவற்றையும், வெறும் இரைச்சலையும் சேர்த்து, பெருக்கி டவரின் மேல் கொட்டும். உள் ஆன்டெனாவும் வெளி ஆன்டெனாவும் ஒன்றையொன்று பார்த்துவிட்டால் தானே ஊளையிட ஆரம்பிக்கும். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதும் குற்றம், விற்பதும் குற்றம். கண்காணிப்பு வண்டி திசை காட்டும் ஆன்டெனாவோடு வந்து வீட்டைக் கண்டுபிடித்துப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போவார்கள்.

டல்லாஸ்வாசி:

யார் செலவு செய்வது என்ற கேள்விக்கு இங்கே நடந்த ஒரு கதை. 800 மெகாஹெர்ட்ஸில் நெக்ஸ்டெல் என்ற நிறுவனம் செல் நெட்வொர்க் நடத்தியது. அதே பேண்டில் சேனல் சேனலாக இடைகலந்து போலீஸ், தீயணைப்பு வாக்கிடாக்கிகளும் இருந்தன. நெக்ஸ்டெல் டவருக்குப் பக்கத்தில் போனால் போலீஸ் ரேடியோ ஊமையாகிவிடும். டவர் சட்டப்படிதான் ஓடியது, ரேடியோவும் சட்டப்படிதான் இருந்தது. இரண்டு பேர் மேலும் குற்றம் சொல்ல முடியாத நிலை.

கடைசியில் 2004-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, இரண்டு கூட்டத்தையும் பேண்டில் தனித்தனி மூலைக்கு மாற்று என்று உத்தரவு போட்டது. செலவு நெக்ஸ்டெல்லுடையது. அதற்கு ஈடாக 1.9 கிகாஹெர்ட்ஸில் 10 மெகாஹெர்ட்ஸ் அவர்களுக்குக் கிடைத்தது. அதன் மதிப்பு 480 கோடி டாலர் என்று எஃப்சிசி கணக்கிட்டது. 2005-இல் வேலை தொடங்கியது, 36 மாதத்தில் முடியும் என்றார்கள். முடிந்ததாக எஃப்சிசி அறிவித்தது 2021-இல். தொல்லை கொடுத்த அந்த நெக்ஸ்டெல் நெட்வொர்க்கை 2013-இலேயே மூடிவிட்டார்கள் என்பது உபரித் தகவல்.

ஆர்எஃப்அக்கா:

அட, அதுதான் வேடிக்கை. கத்தினவன் கடையைச் சாத்திப் போன பிறகும் எட்டு வருடம் நாற்காலிகளை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தத் தீர்ப்பை இங்கே அப்படியே வைக்க முடியாது. அங்கே எதிர்ப்பக்கம் போலீசும் தீயணைப்பும். இங்கே இரண்டு பேரும் வியாபாரிகள், இரண்டு பேரும் அலைக்கற்றையைக் காசு கொடுத்து வாங்கினவர்கள். யார் முதலில் வந்தார்கள் என்று பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் வந்தவர் அகலமான காதோடு உட்கார்ந்திருந்தால் பின்னால் வந்தவர் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?

மாடிப்படி:

தாமதத்துக்கு மன்னிக்கவும். இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து ஒரு நாள் இரவு சோதனை செய்தோம். கடிதம் போகவில்லை, போன் நம்பர்தான் கைமாறியது.

முதலில் அவர்கள் 850-ஐப் பத்து நிமிடம் அணைத்தார்கள். இடையூறு உடனே பேண்ட் 1-க்கு இறங்கியது. போட்டதும் ஏறியது. அப்புறம் டைவர்சிட்டி பாதையில் 3 டிபி அட்டென்யுவேட்டர் வைத்தோம். குறைந்தது 3 அல்ல, கிட்டத்தட்ட 8. எனவே பெரும்பங்கு எங்கள் ரிசீவருக்குள் பிறப்பது. மேலாளர் முகம் மாறிவிட்டது. எங்கள் அலைவரிசை 897-க்கு மேலேதான் இருக்கிறது, எனவே 895-லிருந்து விடுகிற ஃபில்டர் கடன் வாங்கிப் போட்டோம். பெரிய அளவில் இறங்கியது.

ஆனால் முழுதாக இறங்கவில்லை. 850 ஓடும்போது மட்டும் இன்னும் ஒரு இரைச்சல் மிச்சம். காற்றடித்தால் ஏறி இறங்குகிறது.

டெசிபல்தாத்தா:

காற்றடித்தால் ஆடுகிறது என்றால் பிம் (மின்சாரம் ஊட்டாத வெறும் உலோகத்தில் பிறக்கிற இன்டர்மாட்). எங்கோ துருப்பிடித்த இரும்போ தளர்ந்த கனெக்டரோ டையோடு மாதிரி வேலை செய்கிறது. 850-இல் எத்தனை கேரியர் ஓடுகிறது? 871.5-இலும் 886.5-இலும் இரண்டு இருந்தால், 886.5-ஐ இரட்டித்து 871.5-ஐக் கழியுங்கள், 901.5 வரும். நேராக உங்கள் மடியில். ஒரே கேரியர் என்றாலும் தப்பிக்க முடியாது. 5 மெகாஹெர்ட்ஸ் அகலக் கேரியரின் மூன்றாம் வரிசை 15 மெகாஹெர்ட்ஸுக்கும் ஐந்தாம் வரிசை 25 மெகாஹெர்ட்ஸுக்கும் விரியும்.

ஜம்பர் கனெக்டர் ஒவ்வொன்றையும் ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள், திரையில் இரைச்சல் துள்ளுகிற இடம்தான் குற்றவாளி. எதுவும் துள்ளவில்லை என்றால் ஆன்டெனாவுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

மாடிப்படி:

கனெக்டர் எல்லாம் சுத்தம். ஆன்டெனாவுக்கு முன்னால், கைப்பிடிச் சுவரில், பழைய விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டம். பலகை கழன்று பல வருடமாகிறது, சட்டம் மட்டும் துருவோடு நிற்கிறது. அதை ஒருவர் கையால் அழுத்திப் பிடித்ததும் இரைச்சல் விழுந்தது!

அது இரண்டு நிறுவனத்துக்கும் சொந்தமில்லை, கட்டட உரிமையாளருடையது. எடுக்கச் சொன்னால் "வாடகையில் கழித்துக்கொள்கிறீர்களா" என்று கேட்கிறார்.

புளியங்கொம்பு:

வெல்டரைக் கூட்டிப் போய் அறுத்துவிடுங்கள், இரண்டு பேரும் கூலியைப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஒரு செக்டர் ஒரு நாள் படுத்தால் வருகிற இழப்பை விட அது குறைவு. அவர்களிடம் ஆன்டெனாவை ஒரு மீட்டர் உயர்த்தவும் சொல்லுங்கள். ஃபில்டர் உங்கள் கணக்கு, உயர்த்துவது அவர்கள் கணக்கு.

மாடிப்படி:

அப்படித்தான் பேசி முடித்தோம். சட்டம் அறுத்தாயிற்று. இப்போது பேண்ட் 2, மாலை நேரத்தில் சில சமயம் 3. புகார் அடங்கிவிட்டது. ஆன்டெனா உயர்த்துவது இன்னும் நிலுவையில்.

கேள்விக்குறி:

கடைசியாக ஒன்று. கடன் வாங்கிய ஃபில்டரை டைவர்சிட்டி பாதையில் போட்டீர்கள், சரி. மெயின் பாதையில் டிரான்ஸ்மிட்டும் அதே பீடரில்தானே போகிறது? அங்கேயும் அதே ஃபில்டரை மாட்ட முடியுமா?

ஆர்எஃப்அக்கா:

மாட்டக் கூடாது. அது 895–915 மட்டும் விடும், உங்கள் சொந்த டிரான்ஸ்மிட் 935-க்கு மேலே. ஃபில்டர் அதை அப்படியே திருப்பி அடிக்கும், விஎஸ்டபிள்யூஆர் (எவ்வளவு சிக்னல் திரும்பி வருகிறது என்ற அளவு) அலாரம் வந்து ரேடியோ தானே அணைந்துவிடும். மெயின் பாதைக்கு இரண்டு கிளை உள்ள ஃபில்டர் வேண்டும். ஒரு கிளை ரிசீவை வடிகட்டும், இன்னொன்று டிரான்ஸ்மிட்டைத் தடையில்லாமல் விடும். ஆர்டர் கொடுக்கும்போது டிரான்ஸ்மிட் கிளை தாங்குகிற வாட்டையும் பிம் அளவையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், மாடிப்படி. மலிவான ஃபில்டரே புது பிம்மைக் கொண்டுவந்த சைட்களும் உண்டு.